இடது பக்கப் படுதா

அந்த ஷெட்டுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் ஒருமுறையாவது திகைத்து நிற்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் ஜீப்பின் பானெட்டைத் தட்டி, "இந்த வண்டிக்குப் பின்பக்கத் திறப்பு ரெடி. துணி வச்சுப் பாக்கிறவங்க பாக்கலாம்" என்பார். மறுபக்கம் இன்னொருவர் ஸ்டியரிங்கைப் பார்த்து, "இந்த வண்டிக்கு மேல் விளிம்பு இன்னும் கரடுமுரடா இருக்கு. துணி கிழிஞ்சா நான் பொறுப்பில்லை" என்பார். வண்டி பதில் சொல்லாது. பானெட்டைத் தட்டியவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மேல் விளிம்பைத் தேய்க்கப் போவார். புதியவர் பக்கத்து ஆளிடம் மெல்ல விசாரித்தால், "அண்ணன் தம்பிங்க. பேச்சு வார்த்தை இல்லை" என்று பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

மூத்தவர் கூரைக்காரர். காட்டிலும் மலையிலும் ஓடுகிற ஜீப்புகளுக்கு ஃபைபரில் கெட்டிக் கூரை செய்பவர். இளையவர் படுதாக்காரர். அந்தக் கூரையின் பின்பாதியில், வலமும் இடமுமாகக் கண்ணாடி இருக்க வேண்டிய திறப்புகளுக்கு, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றுகிற துணிப் படுதா தைப்பவர். கூரை அண்ணன் பொறுப்பு, பக்கங்கள் தம்பி பொறுப்பு. இரண்டும் விளிம்பில் சேராவிட்டால் மழை உள்ளே வந்துவிடும். இப்படிப்பட்ட வேலையை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்றால் அதைச் சாமர்த்தியம் என்பதா, கிறுக்குத்தனம் என்பதா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

படுதாக்காரர் முதலில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். ஓர் ஆள் நின்று திரும்ப இடமில்லாத கடை. அளவெடுக்கும்போது பிள்ளைகள் நெளியும். "அசையாம நில்லு" என்று கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிவிடும். அண்ணன்தான் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்று, "அசையாத உருப்படிக்கு அளவெடுக்க வர்றியா?" என்று கேட்டு ஷெட்டுக்குக் கூட்டிவந்தார். அந்த நாட்களில் இருவருக்கும் வாய் ஓயாது. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவார்கள், சிரிப்பார்கள், பழைய சண்டையை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகச் சண்டை போடுவார்கள். "முதல்ல உங்க ரெண்டு பேர் வாய்க்கும் ஒரு படுதா தைங்கப்பா" என்று முதலாளியே தலையில் அடித்துக்கொண்டது உண்டு.

பிறகு படுதா தைக்காமலேயே வாய் மூடிப்போனது. அதற்குக் காரணம் என்ன என்று ஷெட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பாகப்பிரிவினை என்றார் ஒருவர். ஓரகத்திகள் சண்டை என்றார் இன்னொருவர். எல்லாம் கட்டுக்கதை.

நடந்தது இதுதான். ஷெட்டின் பின்புறம் இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒன்றில் அண்ணன் குடும்பம், இன்னொன்றில் படுதாக்காரரும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. அந்த மனைவி அண்ணி பார்த்து முடித்து வைத்த பெண். அண்ணிக்கே தங்கை முறை. வாய்விட்டுச் சிரிக்கிற பெண். ஒரு நாள் முற்பகலில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷெட்டுக்கென்று இருந்த ஒரே ஜீப்பைப் புதுக் கூரை மாட்டி வெள்ளோட்டம் பார்க்க அண்ணன் மலைப்பாதைக்கு ஓட்டிப் போயிருந்தார். படுதாக்காரர் போன் போட்டார். "இதோ வந்துட்டேன், நீ அவளைத் தயார் பண்ணி வை" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வாடகை வண்டி கூப்பிடட்டுமா என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, "அண்ணன் வந்துருவாரு" என்றார். அண்ணன் வரவில்லை. மறுபடி போன் போட்டால் மலைப்பாதையில் சிக்னல் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டாரே ஓடிப்போய் ஒரு வண்டியைப் பிடித்துவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணனின் ஜீப் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. அண்ணன் இறங்கி வந்தார், நின்றார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி தலையைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஏன் தாமதம் என்று தம்பி கேட்கவில்லை, இதனால்தான் தாமதம் என்று அண்ணன் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவர் துக்கம் விசாரிக்கிற சாக்கில், "அன்னைக்கு உங்க அண்ணன் வண்டி அடிவாரத்து ஹோட்டல் வாசல்ல நின்னுட்டு இருந்துச்சே, நான் பாத்தேனே" என்று சொல்லிவிட்டுப் போனார். படுதாக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். 'என் மனைவி வாசலில் உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் இலையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.' அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிடுங்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை.

வருஷங்கள் ஓடின. வேலையை விடலாம் என்றால் இரண்டு பேருக்கும் வேறு தொழில் தெரியாது; தெரிந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மத்தியானம் அண்ணி இரண்டு கேரியர்களோடு வருவாள். ஒன்று கிரைண்டர் மேஜைக்கு, ஒன்று தையல் மெஷினுக்கு. ஒரே அடுப்பில் வெந்த சோற்றை ஷெட்டின் இரண்டு கோடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அண்ணி சமாதானம் பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். பிறகு கேரியரை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அண்ணனுக்கு ஒரு கண்ணில் படலம் விழ ஆரம்பித்தது.

அதை முதலில் கண்டுபிடித்தது படுதாக்காரர்தான். கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, அண்ணன் முகத்தை அவர் பார்ப்பதே இல்லையே. ஒரு கூரையின் இடது திறப்புக்குப் படுதாவை வைத்தபோது பின்னோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மிஞ்சியது. தான்தான் தப்பாக வெட்டிவிட்டோம் என்று நினைத்தார். அளந்தார். துணி சரியாக இருந்தது. திறப்புதான் ஒரு விரல் குறுகலாக இருந்தது. அடுத்த கூரையிலும் அதே இடம், அதே ஒரு விரல். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளேயே கிரைண்டர் ஓடியிருந்தது. அண்ணன் கைக்கு இப்படி நேராதே என்று எட்டிப் பார்த்தபோதுதான், அண்ணன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வேறு யாராவது இருந்தால் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். படுதாக்காரர் சொல்லவில்லை. அந்தக் கூரைக்கு இடது படுதாவைப் பிரித்து, ஒரு விரல் குறைத்து, மறுபடி தைத்தார். அதன் பிறகு வந்த எல்லாக் கூரைகளுக்கும் அப்படியே செய்தார். வலதுக்கு ஓர் அளவு, இடதுக்கு அந்தந்தக் கூரையை அளந்து தனி அளவு. மாட்டிப் பார்த்தால் பிசகே தெரியாது. அன்பினால் செய்தாரா என்று கேட்டால் அவரே முகத்தைச் சுளித்திருப்பார். 'வேலை கெடக் கூடாதுல்ல' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனுஷன் தன்னிடமே இவ்வளவு அழுத்தமாக இருந்தால் என்ன செய்வது?

ஆனாலும் ஒரு கூரை தப்பிப் போய்விட்டது. அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் வேறொருவர் படுதா மாட்டி அனுப்பிய வண்டி, ஓரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. முதலாளி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த படுதாக்காரர் கேட்டார். "ஃபேக்டரியில வார்த்த கூரையே வாங்கிப் போட்டுரலாம்னு பாக்கிறேன். பெரியவருக்கு வயசாயிடுச்சு. இன்னொரு கூரை இப்படித் திரும்பி வந்துச்சுன்னா அவரை வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான், வேற வழியில்லை."

அன்று மத்தியானம் கேரியர் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது.

அந்தச் சமயத்தில்தான் மலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்கிற ஒரு கம்பெனியிலிருந்து மேனேஜர் அம்மா ஒருவர் வந்தார். ஆறு ஜீப்புகள். எல்லாவற்றுக்கும் கெட்டிக் கூரை, பக்கத்தில் கழற்றி மாட்டுகிற படுதா. "ஒரே ஒரு கண்டிஷன்" என்றார் அந்த அம்மா. "எந்தப் படுதாவை எந்த வண்டியில வேணாலும் மாட்டணும். மலையில ஒரு வண்டியில கிழிஞ்சா, டிரைவர் ஸ்டோர்ல இருந்து கையில கிடைக்கிறதை எடுத்து மாட்டிட்டுப் போயிட்டே இருக்கணும். இது இந்த வண்டிக்கு, அது அந்த வண்டிக்குன்னு தேடிட்டு நிக்கக் கூடாது."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். படுதாக்காரருக்குத்தான் சிக்கல். கூரைக்குக் கூரை அளந்து தைத்துத்தானே இத்தனை நாள் அண்ணனின் ஒரு விரலை மறைத்துவந்தார்? ஆறுக்கும் ஒரே அளவு என்றால் எங்கே மறைப்பது?

ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். அந்தப் படுதாவை வடிவமைத்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள், மனைவி போன பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக இவரைப் பார்த்ததில்லை என்றார்கள். மேல் விளிம்புக்கு பட்டன் வேண்டாம் என்று முடிவு செய்தார். காற்று பிடித்தால் பட்டன் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொள்ளும். அதற்குப் பதில் கூரையின் உள்பக்கம் ஓர் அலுமினியக் காடி, கயிறு நுழைகிற அளவுக்கு நீளப் பள்ளம். படுதாவின் மேல் மடிப்புக்குள் கயிறு வைத்துத் தைத்து, அந்தக் காடியில் ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்தார். இரண்டு பக்க ஓரங்களுக்கும் திருப்பினால் பூட்டிக்கொள்கிற பட்டன்கள். கீழே தூசி நுழையாமல் அகலமான வெல்க்ரோ பட்டை. நடுவில் பார்க்கத் தெளிவான பிளாஸ்டிக் தாள். அதை மடித்தால் கோடு விழுந்து வெளுத்துப்போகும் என்பதால், சுருட்டி மேலே கட்ட இரண்டு வார்கள். கையுறை போட்ட டிரைவரும் கழற்றி, சுருட்டி, சீட்டுக்கு அடியில் போட்டுவிடலாம். ஒரு வண்டியில் மாட்டி, குழாயைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியின் சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

"இந்த வண்டிக்கு இடது வலது ரெண்டு பின்தூண்லயும் உள்ளுக்குள்ள இரும்புப் பட்டி வேணும். பட்டன் பிடிக்கணும்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார் படுதாக்காரர். திறப்புக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற அந்தத் தூண் மூன்று விரல் அகலம்தான். பின்கதவின் கீல் மாட்டுகிற போல்ட்டும் அதிலேயேதான் இறங்குகிறது. அண்ணன் கேட்டுக்கொண்டார். பானெட்டை ஒருமுறை தட்டினார், சரி என்பதற்கு அடையாளமாக.

ஆறு கூரைகளும் வார்த்து முடிந்து, திறப்பு வெட்ட வேண்டிய நாள் நெருங்கியது. வெட்டுவதற்கு இரண்டு அச்சுப் பலகைகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பலகையைக் கூரைமேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டின்மேல் கிரைண்டரை ஓட்டுவது அண்ணனின் வழக்கம். ஆறு இடது திறப்பும் ஒரு விரல் குறுகினால் ஆறும் போச்சு. அண்ணனும் போச்சு.

பேசிவிடலாம் என்றுதான் படுதாக்காரர் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். "அண்ணே, இடது பக்கம் வெட்டும்போது கொஞ்சம் பாத்து வெட்டுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சனிக்கிழமை காலையில் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கிரைண்டருக்குத் தகடு மாற்றிக்கொண்டிருந்த இடம் வரைக்கும் போனார். பக்கத்தில் நின்றார். அண்ணன் நிமிர்ந்தார். ஒரு கண்ணின் நடுவில் பால் சிந்தினாற்போல் வெள்ளையாக இருந்ததை அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தார். "அண்..." வரைக்கும் வந்தது. அடிவாரத்து ஹோட்டல் வாசல் நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது. மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, அதற்காகத்தான் வந்தவர் போலத் திரும்பிவிட்டார். அந்தக் கத்தரிக்கோல் தகரம் வெட்டுகிறது, துணிக்கு உதவாது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வேறொரு யோசனை தோன்றியது. அண்ணன் எப்படியும் ஒரு விரல் உள்ளே வெட்டப்போகிறார். பலகையே ஒரு விரல் பெரிதாக இருந்தால்? கணக்கு நேராகிவிடும். திறப்பு சரியாக வரும், யாருக்கும் தெரியாது, யாரிடமும் பேசவும் வேண்டாம். இடது பலகையின் பின்னோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மரச்சட்டம் ஒட்டி, ஆணி அடித்து, இழைத்து, பழைய மரத்தோடு சேருகிற மாதிரி எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார். மனசுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அண்ணன் பிழைப்பைக் காப்பாற்றியாயிற்று என்று பெருமைகூடப் பட்டார். பாவி மனுஷன்.

அண்ணனுக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரியாதா என்ன? திரும்பி வந்த கூரையைப் பார்த்த அன்றே தெரிந்துகொண்டார். தம்பியின் படுதாக்களில் இடதும் வலதும் வேறு வேறு அளவில் இருப்பதையும், தம்பி சத்தமில்லாமல் தன் பிசகைத் தைத்து மூடிக்கொண்டிருப்பதையும் அதற்குப் பிறகு கவனித்துவிட்டார். நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்த முறை தம்பிக்கு அந்தச் சுமை இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். கண்ணை நம்பினால்தானே பிசகும்? ஞாயிற்றுக்கிழமை, ஷெட் பூட்டியிருந்த நாளில், அண்ணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உள்ளே போனார். பலகையின் ஓரம் முழுக்க அலுமினியப் பட்டையைத் திருகி, கிரைண்டரை அந்தப் பட்டையோடு ஒட்டி ஓட்டினார். கோடு பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பலகை எப்படியோ திறப்பும் அப்படியே. ஆறு கூரை, பன்னிரண்டு திறப்பு. மயிரிழை பிசகாமல் வெட்டி முடித்துவிட்டு, "இந்தத் தடவை அவன் நிம்மதியா தைக்கட்டும்" என்று அண்ணியிடம் சொன்னாராம்.

திங்கட்கிழமை காலை படுதாக்காரர் வந்தபோது ஆறு கூரைகளும் வெட்டித் தேய்த்து வரிசையாக நின்றன. டேப்பை எடுத்து இடது திறப்பை அளந்தார். மறுபடி அளந்தார். இரண்டாவது கூரைக்குப் போனார். மூன்றாவதுக்குப் போனார். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் ஒரு விரல் அதிகம். மூன்று விரல் அகலமான பின்தூண் இரண்டு விரலாக மெலிந்து நின்றது. "நிறுத்துங்கப்பா!" என்று திரும்பினார். முதல் கூரையை ஏற்கெனவே வண்டிமேல் ஏற்றி, பின்கதவுக் கீலுக்குப் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பட் என்று ஒரு சத்தம். தூணின் மூலையிலிருந்து கூரையின் நடுவரைக்கும் விரிசல் ஓடியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. முதலாளி வந்தார். ஆறு கூரையையும் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேனேஜர் அம்மாவுக்குப் போன் போட்டு, ஃபேக்டரிக் கூரை மாட்டித் தருவதாகச் சொன்னார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "என்ன பெரியவரே இது?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் இடது பலகையை எடுத்தார். அலுமினியப் பட்டையைக் கழற்றினார். பின்னோரத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். ஒட்டுப்போட்ட இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது. படுதாக்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பலகையைக் கீழே வைத்தார். "என் தப்புதான் முதலாளி. கண்ணு சரியில்லை. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"இல்லை!" என்று கத்திவிட்டார் படுதாக்காரர். ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பலகையை நான்தான் பெருசாக்கினேன். சனிக்கிழமை மத்தியானம். அண்ணன் சரியாத்தான் வெட்டியிருக்காரு. தப்பு என்னுது முதலாளி, பலகையை எடுத்துப் பாருங்க."

முதலாளி பலகையைப் பார்க்கவில்லை. படுதாக்காரரைத்தான் பார்த்தார், முதலாளியின் கண்கூடக் கலங்கியது. "இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு, அண்ணனுக்கு ஒண்ணுன்னதும் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறே பாரு. ரத்த பாசம்னா சும்மாவா" என்று தோளில் தட்டிக்கொடுத்தார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். படுதாக்காரர் எவ்வளவோ சொன்னார். சொல்லச் சொல்ல அவரை இன்னும் நல்லவராக்கினார்களே தவிர, ஒருவரும் நம்பவில்லை. அண்ணன் கிரைண்டரைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீடு ஷெட்டுக்குச் சொந்தம். மகள் இருக்கிற ஊருக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அந்த வாரக் கடைசியில் சாமான்கள் ஒரு வேனில் போயின. அண்ணி வேனோடு முன்னால் போய்விட்டாள். போகும்போது படுதாக்காரர் கையில் கேரியரைக் கொடுத்து, "நாளையிலேர்ந்து வேளாவேளைக்குச் சாப்பிடுங்க தம்பி" என்றாள். அண்ணன் கடைசியாக வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, ஒரு பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். படுதாக்காரர் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தார். பிறகு எட்டிப் போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டார். அண்ணன் கொடுத்துவிட்டார்.

நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்காருகிற சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. உட்கார்ந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது.

"பலகை பெருசா இருக்குன்னு அன்னைக்கே கையில பட்டுச்சு" என்றார் அண்ணன். நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாலும், தம்பியிடம்தான் சொன்னார்.

படுதாக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏண்ணே வெட்டினீங்க?"

"நீ யோசிக்காம எதையும் செய்ய மாட்டியே. இரும்புப் பட்டி கேட்டிருந்தே. தூண் மெலிஞ்சாலும் பட்டி தாங்கிக்கும்னு ஏதோ கணக்கு போட்டு டிசைனை மாத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"கேட்டேனே. வண்டிகிட்ட கேட்டேன்." அண்ணன் லேசாகச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமையா போச்சு. பதில் சொல்ல நீ இல்லை."

படுதாக்காரருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பஸ்கள் ஒன்றிரண்டு வந்து போயின; அண்ணன் போக வேண்டிய பஸ் இல்லை.

துண்டை எடுத்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததைப் படுதாக்காரர் கேட்டுவிட்டார். "அன்னைக்கு ஏண்ணே லேட்டு?"

எந்த அன்றைக்கு என்று அண்ணன் கேட்கவில்லை. "பஞ்சர்" என்றார். "போன் வச்சுட்டுக் கிளம்பி வர்றேன், பாதி வழியில டயர் போச்சு, போன்ல சிக்னலும் இல்லை. ஸ்டெப்னியை மாட்டினா அதுல காத்து இல்லை. வண்டியை அப்படியே உருட்டிக்கிட்டு அடிவாரம் வந்து, ஹோட்டலுக்குப் பக்கத்துல ஒரு பஞ்சர் கடை இருக்குல்ல, அங்கதான் போட்டேன். அவன் சாப்பிடப் போயிருந்தான். போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

"பஞ்சரா?"

"பஞ்சர்தான். வேற என்ன?"

"ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

"எழவு வீட்ல வந்து நின்னு பஞ்சர் கதை சொல்லச் சொல்றியா? உன் மூஞ்சியைப் பாத்து எனக்கு வாய் வரலைடா. நீயா கேப்பே, கேட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கலை."

அவ்வளவுதான் விஷயம். இலை இல்லை, சாப்பாடு இல்லை, ஒரு காற்றுப்போன டயர். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையின் நல்ல பாதியைப் பேசாமல் கழித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கே இரண்டு பேரையும் சேர்த்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. படுதாக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்? மன்னிப்பு கேட்கலாம், கேட்கத் தெரியவில்லை. பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அதற்குள் எதையாவது பேசிவிட வேண்டும், அண்ணனை இன்னும் கொஞ்ச நேரம் பேச வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"எந்த டயர்ணே?" என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து பையை வாங்கிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, நல்ல கண்ணைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"மறந்துபோச்சுடா" என்றார்.